பழைய பைக்கில் கார்புரேட்டர் சிங்க் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு சிலிண்டர் ஆர்டி 350, நான்கு சிலிண்டர் ஹோண்டா சிபி750, சிங்கப்பூரில் எல்லோரும் 'சூப்பர் ஃபோர்' என்று கூப்பிடும் சிபி400 என்று ஒன்றுக்கு மேற்பட்ட கார்புரேட்டர் உள்ள பழைய பைக் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அளவுகள் மாடலுக்கு மாடல் மாறும். அந்த விஷயத்தில் உங்கள் பைக்கின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே முடிவு.

சிங்க் செய்வது என்றால் சரியாக எதைச் செய்கிறோம்?

சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர் இருக்கும் பைக்கில், எல்லாத் திராட்டில்களும் (காற்று வாசலைத் திறந்து மூடும் கதவுகள்) ஒரே நேரத்தில் ஒரே அளவு திறக்கும்படி அமைக்கிறோம். அவ்வளவுதான். ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துவாரமுள்ள பாகம்) மாற்றுவது, பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் வேறு வேலை. இங்கே கை வைப்பது காற்று போகும் வாசலில் மட்டும்.

ஒரு நூல் முன்னே பின்னே இருந்தால் என்ன ஆகிவிடும்?

முழு ஆக்சிலேட்டரில் ஒன்றும் ஆகாது. 28 மி.மீ. வாசல் முழுக்கத் திறந்திருக்கும்போது 0.3 மி.மீ. வித்தியாசம் கணக்கிலேயே வராது. ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, கதை வேறு. அப்போது ஸ்லைடுக்கு, அதாவது மேலும் கீழும் நகரும் திராட்டில் கதவுக்கு, கீழே இருக்கும் சந்து ஒரு மி.மீ. பக்கம்தான் இருக்கும். அதில் 0.3 மி.மீ. போனால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காற்று போய்விட்டது. ஒரு சிலிண்டர் வண்டியை ஓட்டும், பக்கத்து சிலிண்டர் அதன் தயவில் சுற்றும். அதனால்தான் சிங்க் கெட்ட பைக் ஹைவேயில் நன்றாகப் பறக்கிறது, சிக்னலில் நின்றால் மட்டும் மானத்தை வாங்குகிறது.

என் பைக்கில் சிங்க் கெட்டிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஐடில் ஒரு இடத்தில் நிற்காமல் ஏறி இறங்கும். ஆக்சிலேட்டரை மூடித் திரும்பத் தொடும் அந்த நொடியில் ஒரு வெட்டு வெட்டும். எஞ்சின் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் கழித்து, ஒவ்வொரு சைலன்சர் குழாயிலும் தலைப்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மூன்றில் 'சுர்' என்று ஆவியாகி ஒன்றில் மட்டும் மெதுவாக வழிந்தால், அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை அல்லது பாதிதான் செய்கிறது.

நான்கு சிலிண்டர் பைக்கில் இன்னொரு அடையாளம் கிளட்ச் பக்கத்துச் சத்தம். டப்பாவில் சோழி போட்டுக் குலுக்குவது போல ஐடிலில் கடகடவென்று கேட்கும், கிளட்ச் லீவரைப் பிடித்தால் குறையும். கிளட்ச் போய்விட்டது என்று பயந்து ஷெட்டுக்கு ஓடுகிறார்கள். சிலிண்டர்கள் சமமில்லாமல் உதைப்பதால் கிளட்ச் கூடை முன்னும் பின்னும் ஆடுவதுதான் பல சமயம் காரணம். சிங்க் சரியானதும் அந்தச் சத்தம் பாதிக்கு மேல் அடங்கிவிடும்.

என் யெஸ்டியில் இரண்டு சைலன்சர் இருக்கிறதே, அதற்கும் சிங்க் உண்டா?

கிடையாது. மைசூரில் செய்த யெஸ்டி 250-இல் சிலிண்டரும் ஒன்று, கார்புரேட்டரும் ஒன்று. சைலன்சர் மட்டும்தான் இரண்டு. ஜாவா 350-இல் சிலிண்டர் இரண்டு, ஆனால் கார்புரேட்டர் ஒன்றுதான். அதற்கும் தேவையில்லை.

நேராக கேஜை மாட்டி ஆரம்பித்துவிடலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

கேஜ் காட்டுவது இன்டேக் குழாயில் உள்ள இழுப்பை. அந்த இழுப்பு திராட்டில் திறப்பை மட்டும் பொறுத்ததில்லை. டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகத்தில் விடும் சிறு இடைவெளி) டைட்டாக இருந்து வால்வு முழுசாக மூடாவிட்டால் இழுப்பு குறையும். இன்டேக் ரப்பரில் வெடிப்பு இருந்தாலும், கம்ப்ரஷன் போயிருந்தாலும், பிளக் சரியாக அடிக்காவிட்டாலும் குறையும். இப்படிக் குறைந்த சிலிண்டரை மற்றதோடு சமமாக்க நீங்கள் திருகைத் திருப்பினால், கோளாறு அப்படியே உள்ளே இருக்கும். கேஜ் மட்டும் அழகாக ஒரே கோட்டில் நிற்கும். ஐடிலில் பொருந்தியது போலத் தெரிந்து, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்ததும் நான்கும் நான்கு திசைக்குப் போகும்.

ஆகவே முதலில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டேப்பெட் பாருங்கள். அப்புறம் பிளக், பாயின்ட் (பிளக்குக்குப் பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் மின்தொடர்பு) இருக்கும் மாடலில் பாயின்ட் கேப், டைமிங். ஏர் ஃபில்டர் சுத்தமாக, அதன் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். கார்புரேட்டர் உள்ளே பைலட் ஜெட் (ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் ஜெட்) அடைத்திருக்கிறதா என்பது முக்கியம். அதன் துவாரம் பல பைக்குகளில் 0.35, 0.40 மி.மீ. அளவுதான். ஆறு மாதம் ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டியில் பெட்ரோல் வற்றிப் பிசினாகி அதை அடைத்துவிடும். கண்ணுக்கு நேரே பிடித்து ஆகாயத்தைப் பார்த்தால் வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும், பிறைபோல் தெரிந்தால் அடைப்பு இன்னும் இருக்கிறது. எஃகுக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை, துவாரம் பெரிதாகிவிடும். மின் ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும்.

இன்டேக் ரப்பரைச் சோதிக்க, ஐடிலில் ஓடவிட்டு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து ரப்பரைச் சுற்றி அடியுங்கள். ஓட்டம் மாறினால் அங்கே காற்று புகுகிறது. சிலர் பிரேக் கிளீனரை அடிக்கிறார்கள். பக்கத்தில் பழுக்கக் காய்ந்த சைலன்சர் குழாய் இருக்கிறது, நெருப்போடு விளையாட வேண்டாம்.

பென்ச் சிங்க் என்கிறார்களே, அது என்ன?

கார்புரேட்டர்களைக் கழற்றி மேசையில் வைத்துச் செய்யும் முதல்கட்டச் சிங்க். பட்டர்ஃபிளை வகையில் (திராட்டில் ஒரு சுழலும் வட்டத் தகடு), தகட்டின் விளிம்புக்குப் பக்கத்தில் ஊசி முனை போன்ற சிறு துவாரங்கள் வரிசையாக இருக்கும். தகடு முதல் துவாரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி ஒரு கார்புரேட்டரை வைத்து, மற்றவற்றையும் அதே நிலைக்குக் கொண்டு வர வேண்டும். பின்பக்கம் டியூப்லைட்டைப் பிடித்தால் கசியும் வெளிச்சத்தின் கீற்று நான்கிலும் ஒரே பருமனா என்று பார்க்கலாம். ஸ்லைடு வகைக்கு 1 மி.மீ. டிரில் பிட்டின் மழமழப்பான தண்டுப் பக்கத்தை ஸ்லைடுக்கு அடியில் விட்டு, நான்கிலும் ஒரே இறுக்கத்தோடு நழுவுகிறதா என்று விரலால் உணரலாம்.

இதைக் கவனமாகச் செய்திருந்தால் கேஜ் வேலை பத்து நிமிடம். செய்யாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆவதே சந்தேகம்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கார்புரேட்டர்களில் உள்ள 'ப்ளஸ்' திருகுகள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய அளவில் செய்தவை. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் அடிவரை உட்காராமல் நழுவித் தலையைத் தேய்த்துவிடும். ஜேஐஎஸ் ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த கேஜ் வாங்கலாம்?

பழைய மெக்கானிக்குகள் பாதரசக் குழாய் வைத்திருப்பார்கள். துல்லியம் நன்றாக இருக்கும், ஆனால் பாதரசம் விஷம். ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடினால் எஞ்சின் அதை உறிஞ்சி ஆவியாக சைலன்சர் வழியே உங்கள் முகத்தில் விடும். வீட்டில் வேண்டவே வேண்டாம். பாதரசத்துக்குப் பதில் எஃகுக் கம்பிகள் ஏறி இறங்கும் கார்ப்ட்யூன் என்ற கருவி நான்கு சிலிண்டருக்கு நல்லது.

கடிகார முகம் போன்ற நான்கு டயல் கேஜ் செட்தான் எளிதில் கிடைக்கும், விலையும் குறைவு. அதில் நான்கும் ஒன்றுக்கொன்று பொய் சொல்லும் வாய்ப்பு உண்டு. வாங்கியதும் செய்ய வேண்டியது: நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சிலிண்டரில் மாட்டி என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று எப்போதும் 1 செ.மீ. (பாதரச அளவில்) கூடக் காட்டினால் அதை மனதில் வைத்துப் படிக்கலாம். குழாயில் இருக்கும் சிறு வால்வை, முள் துடிப்பது நின்று லேசாக நடுங்கும் அளவுக்குத் திருகுங்கள். முழுக்க அடைத்தால் முள் செத்துவிடும், பார்க்க அமைதியாகத்தான் இருக்கும்.

வீட்டிலேயே செய்துகொள்ள முடியாதா?

முடியும். இரண்டு கார்புரேட்டர் வண்டிக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். ஐந்து மீட்டர் நிறமில்லாத பிளாஸ்டிக் குழாய், ஒரு பலகை, கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில். குழாயைப் பலகையில் 'ப' எழுத்தைக் கவிழ்த்தது போலில்லாமல், வாளி மாதிரி அடிப்பக்கம் வளையும்படி கட்டி, வளைவிலிருந்து இரு பக்கமும் அரை மீட்டர் உயரத்துக்கு ஆயில் நிரப்புங்கள். ஒரு முனை ஒரு இன்டேக்குக்கு, மறுமுனை அடுத்த இன்டேக்குக்கு. இழுப்பு அதிகமாக உள்ள பக்கம் ஆயில் மேலே ஏறும்.

இதன் நுட்பம் டயல் கேஜில் கிடைக்காது. பாதரசத்தில் 1 மி.மீ. காட்டும் வித்தியாசம் ஆயிலில் கிட்டத்தட்ட 15 மி.மீ. காட்டும். பல மேனுவல்கள் அனுமதிக்கும் 2 செ.மீ. பாதரச வித்தியாசம் இதில் 30 செ.மீ. ஆகத் தெரியும். ஆகவே இரு பக்கமும் நான்கு விரல் வித்தியாசத்தில் நின்றாலே பிரமாதம். மயிரிழை சமமாக்கப் பார்த்து ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதில்லை.

துடிப்பை அடக்க, மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சின்ன ஏர் வால்வை இரு பக்கமும் செருகுங்கள். முதலில் மூடி வைத்து, வண்டி ஓட ஆரம்பித்ததும் மெதுவாகத் திறக்க வேண்டும். ஒரு பக்கக் குழாய் கழன்றால் மறுபக்க எஞ்சின் ஆயில் முழுவதையும் குடித்துவிட்டுத் தெருவெல்லாம் புகை போடும். எஞ்சினுக்கு ஆபத்தில்லை, அக்கம்பக்கத்தாரிடம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

டேங்கைக் கழற்றினால் பெட்ரோலுக்கு என்ன செய்வது?

ஒரு சின்ன பாட்டிலை உயரத்தில் கட்டி, குழாய் வழியே விடுங்கள். கால் லிட்டருக்கு மேல் வேண்டாம். வேக்கம் காக் உள்ள வண்டியில் (எஞ்சின் ஓடினால் மட்டும் பெட்ரோல் விடும் வகை) ஒரு மெல்லிய குழாய் இன்டேக்கிலிருந்து காக்குக்குப் போகும். டேங்கை எடுத்ததும் அந்தக் குழாயை அடைக்க மறந்தால் அதன் வழியே காற்று புகும், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் கேஜில் சொன்னபடி கேட்காது.

சரி, நான்கு சிலிண்டரில் எந்தத் திருகை முதலில் திருப்ப வேண்டும்?

எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். ஐடிலை மேனுவல் சொல்லும் ஆர்பிஎம்முக்கு வையுங்கள்.

வரிசையாகக் கோத்த நான்கு கார்புரேட்டர்களில் பெரும்பாலும் மூன்று சிங்க் திருகுகள் இருக்கும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒன்று, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஒன்று, நட்டநடுவில் ஒன்று. முதலில் 1-ஐயும் 2-ஐயும் சமமாக்குங்கள். பிறகு 3-ஐயும் 4-ஐயும். கடைசியில் நடுத்திருகால் இடது ஜோடியையும் வலது ஜோடியையும் சமமாக்க வேண்டும். நடுத்திருகு இரண்டிரண்டாக நகர்த்துவதால் அதை முதலில் தொட்டால் வேலை முடியவே முடியாது.

இழுப்பு அதிகமாகக் காட்டும் கார்புரேட்டர்தான் அதிகமாக மூடியிருக்கிறது. இதை நிறையப் பேர் தலைகீழாக நினைத்துத் திருப்புகிறார்கள். கால் சுற்று கூட அதிகம், எட்டில் ஒரு பங்கு திருப்புங்கள். ஒவ்வொரு தடவையும் ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கி விட்டு, எல்லாம் உட்கார்ந்த பிறகு கேஜைப் படிக்க வேண்டும். லாக்நட் உள்ள மாடலில், நட்டை இறுக்கும்போதே அளவு நகர்ந்துவிடும். அதற்குத் தகுந்தபடி கொஞ்சம் முன்கூட்டியே நிறுத்தப் பழக வேண்டும்.

எல்லா பைக்கும் இதே அமைப்பு கிடையாது. 1969-இல் வந்த முதல் சிபி750-இல் நான்கு கார்புரேட்டருக்கும் தனித்தனி கேபிள் போகும், கேபிள் தலையிலேயேதான் சிங்க். அடுத்த மாடலிலேயே ஹோண்டா அதைக் கைவிட்டு, நான்கையும் ஒரே தண்டில் கோத்துவிட்டது. ஏன் என்று கேபிள் வண்டியை ஒரு முறை சிங்க் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மூன்று சமமாகிவிட்டது, ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. இன்னும் திருப்பலாமா?

நிறுத்துங்கள். திருகு இரண்டு சுற்றுக்கு மேல் போகிறது என்றால் காரணம் திருகில் இல்லை. அந்த சிலிண்டரின் கம்ப்ரஷன் எடுத்துப் பாருங்கள். டேப்பெட்டை மறுபடி அளங்கள்.

ஐடிலில் எல்லாம் சமம், 3000 ஆர்பிஎம்மில் ஒன்று மட்டும் விலகுகிறது என்றால், சி.வி. வகைக் கார்புரேட்டரில் (எஞ்சினின் இழுப்பால் ஸ்லைடு ஏறும் வகை) டயாஃப்ரம் ரப்பரைச் சந்தேகப்படலாம். கழற்றி பல்புக்கு எதிரே பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். சும்மா பார்த்தால் தெரியாத ஊசித்துளை இழுக்கும்போது வெளிச்சப் புள்ளியாகத் தெரியும், பெரும்பாலும் மடிப்பு ஓரத்தில்.

ஆர்டி 350-க்கு கேஜ் மாட்டும் துவாரமே இல்லையே?

தேவையும் இல்லை. எஸ்கார்ட்ஸ் 1983-இலிருந்து ராஜ்தூத் பெயரில் விற்ற இந்த வண்டி ரீட் வால்வு டூ-ஸ்ட்ரோக். கேஜை நம்பி உட்காராமல் ஸ்லைடையே நேரடியாகச் சிங்க் செய்வதுதான் வழி.

ஏர் ஃபில்டர் பக்கம் கழற்றிவிட்டு இரண்டு வாசலும் தெரியும்படி உட்காருங்கள். ஐடில் திருகுகள் இரண்டையும் வெளியே எடுத்து ஸ்லைடுகளை அடிவரை விழவிடுங்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு விரல் நுனியை ஸ்லைடின் மேல் வைத்துக்கொண்டு, நண்பரை ஆக்சிலேட்டரை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். இரண்டு விரலுக்கும் ஒரே கணத்தில் அசைவு தெரிய வேண்டும். ஒரு பக்கம் பிந்தினால் அந்தப் பக்கக் கார்புரேட்டர் மூடியில் உள்ள கேபிள் அட்ஜஸ்டரை வெளியே திருகுங்கள். முழுத் திருப்பத்திலும் பாருங்கள், இரண்டு ஸ்லைடின் அடி விளிம்பும் ஒன்றாக மேலே மறைய வேண்டும். தொடக்கத்தில் ஒன்றாகவும் முடிவில் வேறாகவும் போனால், கேபிளில் ஏதோ ஒரு இழை அறுந்து இழுபடுகிறது. கேபிளை மாற்றுங்கள். அப்புறம் ஐடில் திருகுகளை ஸ்லைடைத் தொடும் வரை திருகி, அங்கிருந்து இரண்டுக்கும் ஒரே கணக்கில் உள்ளே கொடுத்து ஸ்டார்ட் செய்யலாம்.

இனி முக்கியமானது. ஆக்சிலேட்டரிலிருந்து வரும் அதே கேபிள்தான் பிரிந்து ஆயில் பம்புக்கும் போகிறது. கேபிளில் கை வைத்தால் பம்பின் அளவும் மாறியிருக்கும். பம்ப் சக்கரத்தில் உள்ள குறி, மேனுவல் சொல்லும் திராட்டில் நிலையில் நேராக வருகிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். பம்ப் பிந்தினால் ஆயில் குறையும், பிஸ்டன் சீஸ் ஆகும். பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு டேங்கிலேயே ஆயில் கலந்து ஓட்டுபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

ஓரமாக நிறுத்திவைத்து எவ்வளவு நேரம் ஓடவிடலாம்?

ஏர்-கூல்டு எஞ்சின் என்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல் சும்மா ஓடவிடாதீர்கள். எஞ்சினுக்கு நேராக ஒரு பெடஸ்டல் ஃபேனைக் கடைசி வேகத்தில் வையுங்கள். அதுவும் திறந்த வெளியில். ஷட்டரை இறக்கிய கடைக்குள் ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும்.

சிங்க் முடிந்ததும் ஐடில் ஏறிவிட்டதே?

நல்ல அறிகுறி. இதுவரை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருந்த சிலிண்டர்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. பெரிய ஐடில் குமிழால் இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு பைலட் திருகுகளை (ஐடில் கலவையைச் சரிசெய்யும் திருகுகள்) ஒவ்வொன்றாக, ஆர்பிஎம் உச்சம் தொடும் இடத்துக்குக் கொண்டு வந்து, இன்னொரு தரம் கேஜைப் பாருங்கள்.

ஆக்சிலேட்டரை மூடியும் ஆர்பிஎம் இறங்காமல் தொங்கினால் அது வேறு வியாதி. கேபிளில் தளர்வு இல்லை, அல்லது எங்கோ காற்று புகுகிறது.

பழைய மெக்கானிக் காதால் கேட்டே செட் செய்கிறாரே?

இரண்டு சிலிண்டருக்கு அது வரும். 1959-இல் இரண்டு ஆமல் கார்புரேட்டரோடு வந்த டிரையம்ஃப் பான்வில் மாதிரி வண்டிகளை அந்தக் காலத்தில் காதும், சைலன்சர் முனையில் வைத்த உள்ளங்கையும் கொண்டுதான் செட் செய்தார்கள். நான்கு சிலிண்டரில் காதை நான் நம்ப மாட்டேன். ஒரு சிலிண்டர் சோம்பினாலும் மற்ற மூன்றும் சேர்ந்து அதை மூடி மறைத்துவிடும்.

மைலேஜ் கூடுமா?

டவுனுக்குள் கொஞ்சம் கூடலாம். அதற்காக மட்டும் செய்வதாக இருந்தால் டயரில் காற்று பிடித்துவிட்டு வாருங்கள், அதில் வரும் லாபம் இதற்குக் குறைந்ததில்லை.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை?

பல மேனுவல்கள் 6,000 முதல் 12,000 கி.மீ. வரை சொல்கின்றன. கேபிள் மாற்றினாலோ, கார்புரேட்டர்களைத் தண்டிலிருந்து பிரித்தாலோ, டேப்பெட் செட் செய்தாலோ கிலோமீட்டர் பார்க்க வேண்டாம், உடனே செய்ய வேண்டும். சுத்தம் செய்வதற்காக மட்டும் நான்கையும் தனித்தனியாகப் பிரிக்காதீர்கள். கோத்தபடியே ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றிப் பெரும்பாலான வேலையை முடித்துவிடலாம்.

ஷெட்டில் கொடுத்துச் செய்வதாக இருந்தால் என்ன கேட்க வேண்டும்?

"டேப்பெட் பார்த்துட்டுதானே சிங்க் பண்ணுவீங்க அண்ணா?" என்று கேளுங்கள். "அதெல்லாம் வேண்டாம், இப்பவே ரெண்டு நிமிஷத்துல திருகித் தர்றேன்" என்று பதில் வந்தால் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்துவிடலாம். எஞ்சின் ஆறினால்தான் டேப்பெட் பார்க்க முடியும், அதனால் காலையில் கொண்டு வந்து விட்டுப் போகச் சொல்பவர் வேலை தெரிந்தவர். வண்டியை எடுக்கும்போது கேஜை மாட்டி ஐடிலிலும் 3000 ஆர்பிஎம்மிலும் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள்.